சொருகினால்தான் மின்சாரம்

நிசான் லீஃப் முழு மின்சாரக் கார். 2011-இல் அமெரிக்காவில் விற்ற மாடல் ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் 73 மைல் ஓடும் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் முகமை சான்று தந்திருந்தது. அதே நேரத்தில் சந்தைக்கு வந்த செவ்ரோலே வோல்ட் ஒரு பிளக்-இன் ஹைப்ரிட். முதல் 35 மைல் மின்சாரத்தில் போகும், அதற்கு மேல் பெட்ரோல். இந்த இரு ரகக் கார்களையும் ஆயிரக்கணக்கில் கண்காணித்த ‘இவி ப்ராஜெக்ட்’ ஆய்வில், லீஃப் ஆண்டுக்குச் சராசரியாக 9,700 மைல் போல மின்சாரத்தில் ஓடியிருந்தது. வோல்ட் 9,100 மைல். வோல்ட்டின் பேட்டரித் தூரம் லீஃபினுடையதில் பாதிக்கும் குறைவு, ஆண்டுக் கணக்கிலோ ஆறு சதவீதம்தான் வித்தியாசம்.

லீஃப் வைத்திருந்தவர்கள் நடுவழியில் நின்றுவிடுமோ என்ற பயத்தில் நெடும்பயணத்துக்கு வேறு காரை எடுத்தார்கள். பேட்டரியிலும் எப்போதும் கொஞ்சம் மிச்சம் வைத்தார்கள். வோல்ட்காரர்களுக்கு அந்தப் பயம் இல்லை. பேட்டரியைத் துடைத்து ஓட்டிவிட்டு, வீடு வந்ததும் சொருகினார்கள். பிளக்-இன் ஹைப்ரிட் என்ற ஏற்பாட்டுக்கு ஆதரவாக இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை.

ஐரோப்பாவின் சான்று நேர் எதிர். 2021-இல் பதிவான கார்களின் எரிபொருள் மீட்டர் தரவுகளை வைத்து ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் அறிக்கை வெளியிட்டது. சாதாரண பெட்ரோல், டீசல் கார்கள் ஆய்வுக்கூட அளவைவிட சாலையில் இருபது சதவீதம் போலக் கூடுதலாகக் கரியமில வாயுவை வெளியிட்டன. பிளக்-இன் ஹைப்ரிட்கள் வெளியிட்டது மூன்றரை மடங்கு. பிளக்கும் பேட்டரியும் பெரிதாக வேறுபடவில்லை. வேறுபட்டது சொருகும் பழக்கம்.

நம் ஊர் வாசகருக்கு இங்கே ஒரு விளக்கம் தேவை. இன்னோவா ஹைக்ராஸ், ஹோண்டா சிட்டி போன்றவற்றில் வரும் ‘ஸ்ட்ராங் ஹைப்ரிட்’டுக்குப் பிளக்கே கிடையாது. எஞ்சினும் பிரேக்கும் கொடுப்பதைத்தான் அதன் சின்ன பேட்டரி வாங்கிக்கொள்ளும். ‘தானே சார்ஜ் ஆகும்’ என்று இந்த வகைக் கார்களை நார்வேயில் விளம்பரம் செய்தபோது, அந்த மின்சாரம் பெட்ரோலிலிருந்துதானே வருகிறது என்று சொல்லி 2020-இல் நுகர்வோர் ஆணையம் தடுத்தது. சார்ஜ் நேரம் என்ற கேள்வி பிளக் உள்ள ஹைப்ரிட்டுக்கு மட்டுமே உரியது.

அந்தக் கேள்விக்கான கணக்கு எளிது. பேட்டரிக்கு வேண்டிய யூனிட்டை, மின்சாரம் வரும் வேகத்தால் வகுக்க வேண்டும். மிட்சுபிஷி அவுட்லேண்டரின் முதல் பிளக்-இன் மாடலில் 12 யூனிட் பேட்டரி. 230 வோல்ட், 10 ஆம்பியர் வீட்டுப் பிளக்கில் மணிக்கு 2.3 யூனிட் வரும். ஐந்து மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதலாகும். 16 ஆம்பியர் இணைப்பு என்றால் மூன்றரை மணி. பலர் கவனிக்காதது ஒன்று உண்டு. வீட்டிலிருந்து வரும் மாறுமின்சாரத்தைப் பேட்டரி ஏற்கும் நேர்மின்சாரமாக மாற்றும் கருவி காருக்குள்ளேயே இருக்கிறது. அது 3.7 கிலோவாட் வாங்கும் கருவி என்றால், தெருவோரத்து 22 கிலோவாட் கம்பத்தில் மாட்டினாலும் அந்த 3.7-தான். சுவரில் பெரிய சார்ஜர் வாங்கி மாட்டிவிட்டு ஏமாறுவது இதனால்தான். அமெரிக்க வீடுகளின் 120 வோல்ட் பிளக்கில் வோல்ட்டுக்குப் பத்து மணி நேரம் ஆனது. 240 வோல்ட்டில் நான்கு.

பத்து மணி நேரம் என்று கேட்டால் மலைப்பாக இருக்கும். ஆனால் இட்லிக்கு ஊறும் அரிசியை யாரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதில்லை. மாலை ஏழுக்குள் வீடு வந்து காலை ஏழுக்குக் கிளம்பும் காருக்கு இந்த நிதானம் ஒரு குறையே அல்ல. மெதுவான சார்ஜில் பேட்டரி அதிகம் சூடாகாது, தனி மின் இணைப்பு கேட்க வேண்டாம், சுவருக்குச் செலவும் குறைவு. ஆனால் காரின் மின்னணுப் பாகங்கள் விழித்திருக்கும் நேரம் நீளுவதால் கொஞ்சம் மின்சாரம் வீணாகும். மணிக்கணக்கில் முழுச் சுமை தாங்க வேண்டியிருப்பதால் பழைய தளர்ந்த பிளக் சூடாகும், எர்த் சரியாக இல்லாத வீட்டில் அது ஆபத்து. பிளக்கும் எர்த்தும் ஒரு எலக்ட்ரீஷியன் கவனித்தால் சமாளிக்கக்கூடியவை.

அடுத்த முறை அதிவேக நேர்மின்சார சார்ஜ். அவுட்லேண்டரில் அதற்கும் வழி இருந்தது. அரை மணி நேரத்துக்குள் 80 சதவீதம் ஏறும். அந்த 80-க்கு மேல் பேட்டரி தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும், ஆகவே முழுதாக நிரப்பக் காத்திருப்பதில் பயனில்லை. பிரிட்டனின் நெடுஞ்சாலைகளில் எக்கோட்ரிசிட்டி நிறுவனம் வைத்த அதிவேக சார்ஜர்கள் 2016 வரை இலவசம். அவுட்லேண்டர்கள் அங்கே வரிசையில் நின்றன. முழு மின்சாரக் கார்க்காரர்கள் எரிச்சலடைந்ததில் நியாயம் இருந்தது: அவர்களுக்கு அது இல்லாவிட்டால் பயணமே நின்றது, ஹைப்ரிட்காரருக்கோ அது இலவச முப்பது கிலோமீட்டர். அந்த ஆண்டு கட்டணம் வந்தது. முதலில் 20 நிமிடத்துக்கு 5 பவுண்டு என்று அறிவித்து, பிறகு 30 நிமிடத்துக்கு 6 என்று மாற்றினார்கள். அதே முப்பது கிலோமீட்டருக்குப் பெட்ரோல் மூன்று பவுண்டுக்குள் முடிந்துவிடும் என்னும்போது ஹைப்ரிட்காரர் ஏன் நிற்கப்போகிறார்? சின்ன பேட்டரிக்கு அதிவேக சார்ஜ் என்பது பெரும்பாலும் விளம்பரக் கையேட்டுக்கான அலங்காரம் என்பது என் கருத்து.

இதைவிட மோசமான முறை ஒன்று காருக்குள்ளேயே பட்டனாக இருக்கிறது. அழுத்தினால் எஞ்சின் பெட்ரோலை எரித்துப் பேட்டரியை நிரப்பும். பெட்ரோல் கார்களுக்குத் தடை உள்ள நகருக்குள் நுழையும் முன் மின்சாரத்தைச் சேமிக்க என்று இதற்கு ஒரு நியாயம் சொல்வார்கள். ‘டிரான்ஸ்போர்ட் அண்டு என்விரான்மென்ட்’ அமைப்பு 2020-இல் மூன்று கார்களைச் சாலையில் ஓட்டிச் சோதித்தபோது, இந்த நிலையில் கரியமில வாயு சான்றளவைவிட மூன்று முதல் பன்னிரண்டு மடங்கு வரை போனது. நகரத்துப் புகையை ஊருக்கு வெளியே, அதுவும் கூட்டி, கொட்டிவிட்டு வரும் ஏற்பாடு இது.

சார்ஜ் நேரம் தடையல்ல என்றால் ஐரோப்பாவில் ஏன் சொருகவில்லை? பதில் வண்டிக்கு யார் பெட்ரோல் போடுகிறார்கள் என்பதில் இருக்கிறது. தூய்மையான போக்குவரத்தை ஆராயும் ஐசிசிடி அமைப்பு 2022-இல் வெளியிட்ட ஆய்வில், சொந்தக் கார்கள் 45 முதல் 49 சதவீதத் தூரத்தை மின்சாரத்தில் ஓடின. நிறுவனம் ஊழியருக்குத் தந்த கார்கள் 11 முதல் 15 சதவீதம். ஊழியர் கையில் நிறுவனத்தின் எரிபொருள் அட்டை. பெட்ரோல் போட்டால் நிறுவனத்தின் காசு, வீட்டில் சொருகினால் பெரும்பாலும் தன் மின்கட்டணம். வரிச்சலுகையோ வண்டியை வாங்கும்போதே கிடைத்துவிட்டது. பிரிட்டனில் 2018-இல் குத்தகை முடிந்து திரும்பிய சில கார்களின் டிக்கியில் சார்ஜ் கேபிள் உறை பிரிக்காமலே கிடந்ததாகச் செய்தி வந்தது. அந்த ஓட்டுநர்களைச் சோம்பேறிகள் என்று திட்டுவது சுலபம். எனக்கு அவர்கள் கணக்குத் தெரிந்தவர்களாகவே படுகிறார்கள். தப்பு, சொருகினாலும் சொருகாவிட்டாலும் ஒரே சலுகை தந்த சட்டத்தில் இருந்தது. இதோடு, தெருவில் வண்டி நிறுத்தும் அடுக்குமாடிவாசிக்கு இரவு முழுக்கச் சார்ஜ் என்பது கிடைக்காத வசதி. இவி ப்ராஜெக்டில் சேர்ந்தவர்களுக்கு வீட்டிலேயே சார்ஜர் பொருத்தித் தந்திருந்தார்கள் என்பதையும், பெட்ரோல் செலவு அவர்கள் பையிலிருந்தே போனது என்பதையும் மறக்கக் கூடாது. இந்தத் தப்பைத் திருத்த ஒரு வழி சலுகையையே விலக்குவது: ஷாங்காய் நகரம் 2023 முதல் பிளக்-இன் ஹைப்ரிட்களுக்கு இலவச நம்பர் பிளேட் தருவதை நிறுத்தியது.

ஐரோப்பா வேறு வழியைத் தேர்ந்தது. காரின் மின்தூரத்தை வைத்து, உரிமையாளர் எவ்வளவு பங்கை மின்சாரத்தில் ஓட்டுவார் என்று ஊகித்துக் கரியமில வாயுவின் சான்றளவைக் கணக்கிடும் சூத்திரத்தைத் திருத்தியது. 60 கிலோமீட்டர் மின்தூரம் உள்ள கார் எண்பது சதவீதத்துக்கு மேல் மின்சாரத்தில் ஓடும் என்று பழைய சூத்திரம் நம்பியது. 2025-இலிருந்து புதிதாகச் சான்று பெறும் மாடல்களுக்கு அது 54 போலக் குறைகிறது. 2027-இல் 34 போல. சொருகுவதைக் கண்காணிக்கும் சட்டம் அல்ல இது, நம்பிக்கையைக் குறைத்துக்கொள்ளும் சட்டம். ஆனாலும் பழைய பொய்க்கணக்குக்கு இது எவ்வளவோ மேல்.

காகிதத்தில் நல்ல எண் வேண்டும் என்றால் தயாரிப்பாளர் இனி மின்தூரத்தை நீட்ட வேண்டும். ஏற்கெனவே மெர்சிடிஸ் சி 300 இ-யில் 25 யூனிட் பேட்டரி வந்துவிட்டது. சுமார் 100 கிலோமீட்டர் ஓடும். அதைப் பழைய 10 ஆம்பியர் பிளக்கில் காலியிலிருந்து நிரப்பப் பதினொரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரவு பத்துக்கு வீடு திரும்பி ஆறுக்குக் கிளம்புபவருக்கு அது போதாது. 11 கிலோவாட் மும்முனை இணைப்பு வேண்டும், இல்லாவிட்டால் அந்தக் காருக்கு விருப்பத் தேர்வாகத் தரும் 55 கிலோவாட் அதிவேக சார்ஜ் வேண்டும். அந்த அளவு பேட்டரிக்கு அதிவேக சார்ஜ் வெறும் அலங்காரம் என்று நானும் சொல்ல மாட்டேன். ஆனால் சாதாரண வீட்டுப் பிளக்கே போதும் என்பதுதான் பிளக்-இன் ஹைப்ரிட்டின் தனிச்சிறப்பாக இருந்தது. கணக்கைச் சரிசெய்யப் போய் அதுதான் இப்போது கைநழுவுகிறது.