சேலையூரை டைப் பண்ண முடியுமா?

டேப்லெட்டுக்கான கீபோர்டு கேஸ் விமர்சனங்களில் பாதிக்கு மேல் பேட்டரி, காந்தம், விலை இவற்றைப் பற்றியே இருக்கும். கீகளைப் பற்றி வருவது ஒரே ஒரு வரி: வலது ஓரத்துல சில நிறுத்தற்குறி கீகள் சின்னதா இருக்கு, ரெண்டு நாள்ல பழகிடும். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு இது உண்மைதான். தமிழ்99 முறையில் எழுதுபவருக்கு இந்த ஒரு வரிதான் முழு விமர்சனமே.

முதலில் கணக்கைப் பார்ப்போம். சாதாரண கீபோர்டில் ஒரு கீயின் நடுவிலிருந்து அடுத்த கீயின் நடுவுக்கு சுமார் 19 மில்லிமீட்டர். ஒரு முழு வரிசை 15 கீ அகலம், அதாவது 285 மி.மீ. பத்தாம் தலைமுறை ஐபேடின் நீளமோ 248.6 மி.மீ.தான். எப்படிப் பார்த்தாலும் ரெண்டு கீ அகலம் இடிக்கிறது. ஐபேட் மினியின் நீளம் 195 மி.மீ., அங்கே நிலைமை இன்னும் மோசம். எனவே எதையாவது வெட்டணும். எழுத்துகளை வெட்ட மாட்டாங்க. இரண்டு ஓரங்களைத்தான் வெட்டுவாங்க. இடப்பக்கம் டேப், கேப்ஸ் லாக் குறுகும். வலப்பக்கம் சதுர அடைப்பு, அரைப்புள்ளி, மேற்கோள் குறி, சாய்கோடு எல்லாம் பாதியாகும், இல்லேன்னா இடம் மாறி எஃப்.என். கீயோடு சேர்த்து அழுத்த வேண்டியதாகும்.

அங்கே யார் குடியிருக்கிறார்கள்? 1999-இல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற விசைப்பலகை தமிழ்99. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்யெழுத்துகளில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 18 மெய்களில் வ, ங இரண்டும் இடப்பக்கம் போக, மீதி 16 வலக்கைக்குத்தான். ஆங்கில எழுத்துக் கீகள் அத்தனைக்கும் அந்தப் பக்கம் இல்லை. அதனால ச, ஞ ரெண்டும் அடைப்புக்குறிக் கீகளில், ந அரைப்புள்ளியில், ய மேற்கோள் குறியில், ழ சாய்கோட்டில். நல்ல ஏற்பாடுதான். 1999-இல் எல்லார் மேசையிலும் இருந்தது முழு அளவு கீபோர்டு. ஐபேட் வந்ததே 2010-இல்.

விமர்சகர் சின்னதா இருக்குன்னு தள்ளிவிட்ட ஓரத்தில் இருப்பவை, ஆக, ஐந்து மெய்யெழுத்துகள். தமிழில் எத்தனை வாக்கியத்தை ந-வும் ய-வும் இல்லாமல் எழுத முடியும்னு நினைச்சுப் பாருங்க.

எங்க ஊர்ப்பக்கத்துப் பெயர்கள் ரெண்டையே சோதனைக்கு வைக்கலாம். 'தாம்பரம்' எந்த மட்டமான கீபோர்டிலும் ஓடும். த, ஆ, ம, ப, ர, ம, புள்ளி அத்தனையும் எழுத்துக் கீகள். 'ம்ப'வில் புள்ளியைக்கூட அதுவே போட்டுக்கொள்ளும். 'சேலையூர்' அப்படி இல்லை. முதல் எழுத்தே அடைப்புக்குறிக் கீ, நடுவில் ய-வுக்கு மேற்கோள் கீ. வெட்டப்பட்ட கீபோர்டில் ரெண்டு இடத்தில் விரல் தடுமாறும். 'தமிழ்' என்ற சொல்லுக்கும் சாய்கோட்டுக் கீ வேணும்.

பாமினி பழகியவர்களுக்கும் தப்பிக்க வழியில்லை. அதில் புள்ளியே அரைப்புள்ளிக் கீயில்தான் இருக்கு. ஒவ்வொரு க்-குக்கும் ம்-முக்கும் சுண்டுவிரல் அங்கே போகணும். ரோமன் எழுத்தில் ஒலிப்படி எழுதுபவர்களுக்கு மட்டும் பெரிய பாதிப்பு இல்லை. ஆனா ஒரு கேஸுக்காக இருபது வருஷ விரல் பழக்கத்தை மாத்திக்கச் சொல்றது நியாயமில்லை.

இன்னொன்று, திரையில் தோன்றும் கீபோர்டில் தமிழ் வருது என்பதை வைத்து வெளிக் கீபோர்டிலும் வரும்னு முடிவு கட்டக் கூடாது. ஐபேட், ஆண்ட்ராய்டு இரண்டிலுமே வெளிக் கீபோர்டுக்கான அமைப்பு தனி.

பாதுகாப்புக்கு வருவோம். பெட்டியின் மேல் 'ராணுவத் தரம்' என்று அச்சடிப்பது இப்ப வழக்கமாகிவிட்டது. அது அமெரிக்க ராணுவத்தின் மில்-ஸ்டாண்டர்டு 810 என்ற சோதனை முறை. அதன் 'ஜி' பதிப்பில், கைப்பொருள்களை 122 செ.மீ. உயரத்திலிருந்து 26 முறை போட வேண்டும். விழும் தளம் கான்கிரீட் மேல் பரப்பிய பிளைவுட். அந்த 26-ஐயும் ஐந்து சாம்பிள் வரை பிரித்துக்கொள்ளலாம், அதாவது ஒரே பொருள் அத்தனை முறையும் விழ வேண்டியதில்லை. ராணுவம் யாருக்கும் சான்றிதழ் தருவதுமில்லை. வேளச்சேரி ரோட்டில் பைக்கிலிருந்து சரியும் டேப்லெட்டுக்கு பிளைவுட் விரிச்சு வைக்கிறவங்க யாரு? நான் பார்ப்பது ஒன்றைத்தான்: நாலு மூலையிலும் ரப்பர் விளிம்பு திரைக்கு மேலே எழும்பி நிற்குதா? 2020-இல் வந்த ஆப்பிளின் மேஜிக் கீபோர்டில் அது கிடையாது. முன்னும் பின்னும் மூடும், ஓரங்கள் திறந்தே கிடக்கும். 11 அங்குல ஐபேட் புரோவோடு சேர்த்தால் எடை ஒரு கிலோவைத் தாண்டும். டைப் பண்ண அருமையான சாதனம், பாதுகாப்பு உறை என்று அதை எண்ணிக்கொள்ள வேண்டாம்.

பின்னால் காலூன்றி நிற்கும் வகைக்கு மேசை வேணும். தாம்பரத்தில் புறப்படும் பீச் வண்டியில் உட்கார இடம் கிடைச்சிடும். ஆனா மடியில் பையும் இருந்தால் அந்தக் கால் ஊன்ற இடம் கிடைக்காது. மடியில் எழுதுபவர்களுக்கு லேப்டாப் மாதிரி கீல் வைத்ததே சரி. செயற்கைத் தோல் உறையை நம்ம ஊருக்கு நான் சிபாரிசு செய்ய மாட்டேன். பாலியூரித்தேன் பூச்சு வெப்பத்திலும் ஈரக்காற்றிலும் சிதைந்து செதில் செதிலா உதிரும். சிலிகான், கெட்டி பிளாஸ்டிக் பரவாயில்லை.

என் தேர்வு ஒன்றாய் ஒட்டிய கேஸே அல்ல. முரட்டு ரப்பர் உறை ஒன்று, முழு அகல புளூடூத் கீபோர்டு ஒன்று, தனித்தனியா. பார்க்க அழகா இருக்காது, பையில் ரெண்டு சாமான் ஆகும். ஆனா ச முழு அளவில் இருக்கும். கீபோர்டு பழுதானால் உறையைத் தூக்கி எறிய வேண்டாம்.

ஒட்டியதுதான் வேணும்னா, 11 அங்குலத்துக்குக் கீழே போகாதீங்க. ரிச்சி தெருவில் நேரில் வாங்கினால் சேலையூர்னு பத்து தடவை அடிச்சுப் பாருங்க. ஆன்லைனில் என்றால் படத்தைப் பெரிசாக்கி, ஆங்கில 'பி'க்கு வலப்பக்கம் ரெண்டு கீ, 'எல்'லுக்கு வலப்பக்கம் ரெண்டு கீ, முற்றுப்புள்ளிக்கு அந்தப்பக்கம் ஒண்ணு, எல்லாம் மற்ற கீகளின் அகலத்திலேயே இருக்கான்னு எண்ணுங்க. விலையை அப்புறம் பார்த்துக்கலாம்.