மகாராணியின் ஓடும் வீடு

மைசூரு ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் 1979-இல் தொடங்கப்பட்ட ரயில் அருங்காட்சியகத்தில் நான் அதிக நேரம் நிற்பது, 1899-ஆம் ஆண்டின் மகாராணி சலூன் பெட்டிகளின் முன்னால்தான். சமையலறை, சாப்பாட்டு அறை, கழிவறை எல்லாம் சக்கரத்தின் மேல்! இன்று இப்படியோர் ஓடும் வீடாகக் கேரவன் வாங்க நினைப்பவர் முக்கியமாக யோசிப்பது, தானே ஓடும் வேனா, காரின் பின்னால் இழுபடும் டிரெய்லரா என்பதைத்தான். சலூன் டிரெய்லரின் இனம். எஞ்சின் தனியே முன்னால் இருப்பதால் பெட்டி முழுக்க வாழும் இடம். ஊர் சேர்ந்ததும் டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு, காரில் மட்டும் சாமுண்டி மலை ஏறலாம். டிரெய்லரோடு வண்டியைப் பின்னால் எடுப்பதும் குறுகிய தெருவில் திருப்புவதும் பெரும்பாடுதான். ஆனாலும் என் ஓட்டு டிரெய்லருக்கே. முன்பணம் கொடுப்பதற்கு முன் இந்த சலூனை ஒருமுறை போய்ப் பாருங்கள்.