ஊரின் ஓப்பனிங் ஸ்டாக்

ஓப்பனிங் ஸ்டாக் தெரியாமல் லாப நஷ்டக் கணக்குப் போட முடியாது. பி.காம். முதல் வருஷப் பாடம். ஊருக்கும் அதேதான்.

1915-ல் சென்னைப் பல்கலைக்கழகத்துக்கு வந்த பொருளாதாரப் பேராசிரியர் கில்பர்ட் ஸ்லேட்டர், மாணவர்கள் கையில் கேள்வித்தாளைக் கொடுத்து ஊர்களுக்கு அனுப்பினார். யாருக்கு எவ்வளவு நிலம், என்ன கூலி, எத்தனை கடன்? 1918-ல் அது 'சம் சவுத் இண்டியன் வில்லேஜஸ்' என்று புத்தகமானது. எழுதியவர்கள் மாணவர்கள், கட்டுரைகள் ஒரே சீராக இல்லை. ஒப்பிட உட்கார்ந்தால் எரிச்சல் வரும். ஆனாலும் அந்தக் கணக்கு இருந்ததால்தான் பி.ஜே. தாமஸும் கே.சி. ராமகிருஷ்ணனும் 1940-ல் மறு ஆய்வு வெளியிட முடிந்தது. விழுப்புரம் பக்கத்து இருவேல்பட்டுக்கு 1980-களிலும் ஆய்வாளர்கள் போனார்கள்.

உங்கள் ஊருக்கு அப்படியொரு கணக்கு உண்டா? இல்லையென்றால், ஊர் உருப்பட்டதா இல்லையா என்று எதை வைத்துச் சொல்வீர்கள்?