ஒரு கை மண்ணும் நம் படப்புத்தகங்களும்

நல்ல படப்புத்தகத்தில் பாடம் இருக்கக் கூடாது என்பது இன்று தமிழ்க் குழந்தை இலக்கிய மேடைகளில் ஏறக்குறையச் சட்டமாகிவிட்டது. பட்டறைகளிலும் புத்தகக் காட்சி அரங்குகளிலும் இதே பேச்சுதான்: கதை சொல்லுங்கள், எதையும் கற்பிக்காதீர்கள். நீதிக்கதைகளால் களைத்துப்போன ஒரு தலைமுறையின் கோபம் இது. கோபம் நியாயமானது, எட்டிய முடிவு தவறு. அதனால் இழப்பு சென்னையின் குழந்தைக்கு அதிகமில்லை. அவளுக்குப் பாடம் சொல்ல ஆயிரம் வாசல்கள் உண்டு. காரவள்ளியில் தொடங்கி 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறிக் கொல்லிமலைமேல் சேர்ந்தால் வரும் சோளக்காட்டில், மாலையில் மகளைப் பக்கத்தில் உட்காரவைத்துப் படம் காட்ட விரும்பும் ஒரு தகப்பனுக்குத்தான் இழப்பு.

பழைய கதையை வேகமாகக் கடந்துவிடலாம். ஔவையின் ஆத்திசூடியும் கொன்றைவேந்தனும் திண்ணைப் பள்ளியின் குரல். ஓதுவதும் ஒப்பிப்பதுமாக வளர்ந்தவை. மிஷன் அச்சகங்கள் சிறுவர்க்கென இதழ் கொண்டுவந்தபோதும் குரல் மாறவில்லை, போதகர் மட்டும் மாறினார். முதல் உடைப்பு பாரதி. பாப்பா பாட்டின் அறிவுரைகளை மட்டும் எண்ணிக் குறை சொல்பவர்கள் அதில் வரும் கோழியையும் காக்கையையும் பசுவையும் நாயையும் பார்ப்பதில்லை. இரண்டு பெண்களைப் பெற்ற தகப்பன், கண்ணெதிரே நிற்பதைச் சுட்டிக்காட்டிப் பேசுகிறான். தமிழில் படமில்லாத முதல் படப்புத்தகம் என்று அதைத் தயங்காமல் சொல்வேன். கவிமணியின் மென்மை அந்த வழியில் வந்தது. 1944இல் ‘மலரும் உள்ளம்’ கொண்டுவந்த அழ. வள்ளியப்பா அதற்கு ஓசையின் துள்ளலைக் கொடுத்தார், 1950இல் குழந்தை எழுத்தாளர் சங்கத்தையும் கட்டினார்.

ஆனால் படம்? 1947இல் தொடங்கிய அம்புலிமாமாவில் சித்ராவும் சங்கரும் வரைந்தவை இன்றும் கண்ணில் நிற்கின்றன. கதை முன்னே போக ஓவியம் பின்னே வந்தது. எழுத்தை மூடிவிட்டால் கதை இல்லை. வாண்டுமாமாவின் உழைப்புக்கும் இதே எல்லை. இந்தக் காலத்தின் உண்மையான சாதனை வேறொன்று. பெரியசாமித் தூரன் முன்னின்று நடத்த, 1968 முதல் 1976 வரை பத்துத் தொகுதிகளாக வெளிவந்த ‘குழந்தைகள் கலைக்களஞ்சியம்’ அது. அதைப் பாடம் என்று யாராவது ஒதுக்குவார்களா? அப்பாவும் பெண்ணும் சேர்ந்து புரட்டி, படத்தைப் பார்த்துக் கேள்வி கேட்டு வளர்ந்த வீடுகளை நான் அறிவேன்.

மாஸ்கோவிலிருந்து நியூ செஞ்சுரி புக் ஹவுஸ் வழியாக நம் வீடுகளுக்கு வந்த நூல்களைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் மலிவு விலையையும் வழுவழுத் தாளையும் மட்டும் நினைவுகூர்கிறோம். அலெக்சாந்தர் ரஸ்கினின் ‘அப்பா சிறுவனாக இருந்தபோது’ ஏன் இத்தனை தமிழ் வாசகர்களின் நெஞ்சில் தங்கியது? நோயில் கிடந்த தன் மகள் சாஷாவுக்காக அவர் சொல்லத் தொடங்கிய கதைகள் அவை. அப்பா தான் செய்த முட்டாள்தனங்களையே பாடமாக்கினார். ஏமாந்தது, பயந்தது, பெருமையடித்து அவமானப்பட்டது எல்லாம் அதில் வருகின்றன. பாடம் இருக்கிறது, நிறையவே இருக்கிறது. அது மேலிருந்து கொட்டவில்லை, பக்கத்தில் உட்கார்ந்து வருகிறது. நம் நீதிக்கதைகளின் பிழையும் கற்பித்தது அல்ல, தள்ளி நின்று கற்பித்ததுதான்.

1970இல் தொடங்கிய நேஷனல் புக் டிரஸ்டின் நேரு பால புஸ்தகாலயம் மிக்கி படேல் வரைந்த ரூபா என்ற யானையைத் தமிழ்க் குழந்தைக்கும் கொண்டுவந்தது. பிறகு 1994இல் தாரா, 1996இல் தூலிகா. சென்னையில் பிறந்த இந்த இரண்டு பதிப்பகங்கள்தாம் படத்தைக் கதைக்குச் சமமாக உட்காரவைத்தன. கோண்டு ஓவியர்களின் மரங்களைக் கறுப்புத் தாளில் கையால் அச்சிட்ட தாராவின் நூல் 2008இல் பொலோனா விருது பெற்றது. தூலிகா ஒன்பது மொழிகளில் வெளியிடுகிறது. அசோக் ராஜகோபாலனின் கஜபதி குலபதி யானைத் தும்மலுக்குச் சிரிக்காத குழந்தை இல்லை. 2015இல் பிரதம் புக்ஸ் ஸ்டோரிவீவர் தளத்தைத் திறந்து, யாரும் இலவசமாகப் படிக்கவும் மொழிபெயர்க்கவும் வழிசெய்தது. தமிழக அரசின் வாசிப்பு இயக்கம் 2023 முதல் நுழை, நட, ஓடு, பற என்ற படிகளில் மெல்லிய புத்தகங்களை அரசுப் பள்ளி வகுப்பறைகளுக்குக் கொண்டுபோனது. மலைப் பள்ளிகளுக்கும் புத்தகம் போய்ச் சேரும் பாதை இன்று இருக்கிறது. இது சிறிய காரியமல்ல.

இத்தனை வளத்துக்கு நடுவில்தான் எனக்குக் குறை. இந்த நூல்களில் பெரும்பகுதி பேசும் விலங்குகளாலும் எங்கும் நடக்கக்கூடிய வீடுகளாலும் ஆனது. எந்த ஊர் என்று கேட்டால் விடை கிடைக்காது. பாடம் வந்துவிடுமோ என்ற அச்சத்தில் பொருள்களையே வெளியேற்றிவிட்டோம். எப்படி என்று குழந்தை கேட்கும் இடத்தில் நம் புத்தகம் ஒரு வேடிக்கையைக் காட்டிவிட்டு நகர்கிறது. மறுபக்கம், 2010 முதல் சாகித்திய அகாதெமி வழங்கும் பால சாகித்திய புரஸ்காரைப் பாருங்கள். மா. கமலவேலன், மு. முருகேஷ், உதயசங்கர், யூமா வாசுகி, விஷ்ணுபுரம் சரவணன் என்று தமிழில் அதைப் பெற்றவர்கள் மதிப்புக்குரியவர்கள். பரிசு பெற்ற அந்த நூல்கள் எழுத்தால் நிற்பவை, தானாகப் படிக்கத் தெரிந்த பிள்ளைக்கானவை. நான்கு வயதுக் குழந்தைக்கும் அவளைப் பக்கத்தில் வைத்திருப்பவருக்கும் சேர்த்துச் செய்யும் புத்தகத்தை இலக்கியமாக மதிக்க நம் விமரிசனம் இன்னும் கற்கவில்லை.

பக்கத்தில் இருந்து பாடம் சொல்லும் வழிக்குக் கொல்லிமலையிலேயே ஒரு முன்னோடி உண்டு. குழந்தை இலக்கிய வரலாறு எழுதுகிறவர்கள் அவரைத் தொடுவதில்லை, அவர் புத்தகம் எதுவும் எழுதாததால். ஜெஸ்ஸி பிராண்ட் என்ற பாப்டிஸ்ட் மிஷனரியும் மனைவி எவ்லினும் 1913இல் இந்த மலைக்கு வந்து வாழவந்தியில் குடியேறினார்கள். 1914இல் பிறந்த மகன் பால், அவருக்குப் பின் பிறந்த மகள் கானி. காடே பள்ளிக்கூடம், கறையான் புற்றைத் திறந்து உள்ளே நடக்கும் ஆட்சியைப் பிள்ளைகளுக்குக் காட்டியவர் தகப்பன். 1923இல் இருவரையும் படிப்புக்காக இங்கிலாந்தில் விட்டுவிட்டுப் பெற்றோர் மலைக்குத் திரும்பினார்கள். அதன்பின் பாடம் கடிதத்தில் போயிற்று: மரங்கள், மலைச்சரிவுகள், நடக்கும்போது கண்டவை. 1929 ஜூனில் ஜெஸ்ஸி காய்ச்சலில் இறந்தார். தந்தி உடனே போய்ச் சேர்ந்தது. கப்பலில் கிளம்பியிருந்த அவருடைய கடிதங்கள் அதற்குப் பிறகும் வந்துகொண்டிருந்தன.

அதே ஆண்டில்தான் நேரு மகளுக்கு எழுதிய கடிதங்கள் நூலாயின. 1928 கோடையில் அவர் அலகாபாத்தில், பத்து வயது இந்திரா முசூரியில். கூழாங்கல்லைக் கையில் எடுத்து அதன் வரலாற்றைப் படிக்கச் சொன்ன அந்த நூலுக்கு உரிய புகழ் கிடைத்தது. கொல்லிமலைக் கடிதங்கள் ஒரு குடும்பத்தின் நினைவாக நின்றுவிட்டன.

ஆனால் இந்த மலையின் மிகப் பெரிய பாடத்தைச் சொன்னவர் ஜெஸ்ஸியும் அல்ல. வேலூர் சி.எம்.சி.யில் தொழுநோயாளிகளின் கைகளைச் சீரமைத்து உலகப் புகழ் பெற்ற மருத்துவரான பால் பிராண்ட், 1980களில் தன் பிள்ளைப் பருவத்தை எழுதினார். படிப்படியாக இறங்கும் நெல்வயல்களில் மலைப்பிள்ளைகளோடு சேர்ந்து தவளை பிடித்து விளையாடிக்கொண்டிருந்தார், சேற்றைக் கலக்கிவிட்டார்கள். ஊர்ப் பெரியவர் ஒருவர், பிள்ளைகளுக்கு அவர் தாத்தா, அங்கே வந்தார். அடிக்கவில்லை. குனிந்து ஒரு கை மண்ணை அள்ளிக் காட்டி, இது என்ன என்று கேட்டார். பிறகு விளக்கினார்: தண்ணீர் தெளிவாக ஓடினால் மண் வயலிலேயே தங்கும், கலங்கி ஓடினால் கீழ்வயலுக்கும் அங்கிருந்து சமவெளிக்கும் போய்விடும், மலைக்குத் திரும்பி ஏறாது, மண் போனால் சோறு போகும். ஒரு தமிழ் மலைவாசி வயல் வரப்பில் நின்று நடத்திய இந்த வகுப்பை ஆங்கிலச் சூழலியல் தொகுப்புகள் ஏந்திக்கொண்டன. தமிழ்ப் படப்புத்தகமாக இதை நான் பார்த்ததில்லை.

பாடம் கூடாது என்பவர்களுக்கு இந்தக் காட்சியைத்தான் பதிலாக வைக்கிறேன். இதில் பாடத்தை எடுத்துவிட்டால் மிஞ்சுவது என்ன? தவளை பிடித்த பிள்ளைகள், அவ்வளவே. கதை உயிர்பெறுவது அந்தக் கை மண்ணில்தான்.

மலையாளிப் பழங்குடிகளின் மண்ணான இந்த மலையில் மகளுக்குப் பாடம் சொல்ல ஒரு தகப்பனிடம் இருப்பதை எண்ணிப் பாருங்கள். சில்வர் ஓக் மரத்தில் ஏறும் மிளகுக்கொடியில், சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்தால் பறிக்கலாம் என்று அவருக்குத் தெரியும். பலாவைத் தட்டிப் பார்த்துப் பழுத்ததைச் சொல்வார். சாமையும் தினையும் விளைந்த சரிவில் ஜவ்வரிசி ஆலைக்கான மரவள்ளி எப்போது ஏறியது, ஏன் ஏறியது என்பது அவர் தன் வாழ்வில் கண்டது. உரலில் சாமை குத்தியே கை காய்த்த பெண்கள் அந்தத் தானியத்தை ஏன் கைவிட்டார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். அவர் எழுத்துக்கூட்டித்தான் படிக்கிறார் என்றே வைத்துக்கொள்வோம். பக்கத்துக்குப் பத்துவரி வைத்த புத்தகம் அவரை மகள்முன் தடுமாறவைக்கும். மிளகுக்கொடியின் நல்ல ஓவியமும் அதன்கீழ் ஒற்றை வரியும் இருந்தால் அந்தப் பக்கத்தில் கால்மணி நேரம் அவர் பேசுவார். மகள் கேட்பாள், மறுப்பாள், மறுநாள் தோட்டத்தில் சரிபார்ப்பாள். படப்புத்தகத்துக்கு எப்போதும் இரண்டு வாசகர்கள். நாம் சின்ன வாசகியை மட்டும் நினைத்துச் செய்கிறோம், பெரிய வாசகரின் அறிவுக்குப் பக்கத்தில் இடம் விடுவதில்லை.

ஆகவே இனி வரவேண்டிய தமிழ்ப் படப்புத்தகம் பெயருள்ள ஊரில் நடக்க வேண்டும், செய்யும் வேலையைக் காட்ட வேண்டும், குறைவாகச் சொல்ல வேண்டும். வட்டார வழக்குக்குப் பயந்து பொதுத்தமிழாக வழித்தெடுக்கக் கூடாது. வரைகிறவர் மலையேறிப் போய், அங்குள்ள தகப்பன்மார் சொல்வதைக் கேட்டு வரைய வேண்டும். தூலிகாவுக்கும் தாராவுக்கும் இதற்கான ஓவியத்திறன் உண்டு, வாசிப்பு இயக்கத்துக்குக் கொண்டுசேர்க்கும் கை உண்டு. பதிப்பாளர்களே, தாத்தாவின் அந்தக் கை மண்ணிலிருந்து தொடங்குங்கள். அச்சானதும் முதல் கட்டைச் சோளக்காட்டுக்கு அனுப்புங்கள். சரியா தவறா என்று அந்த அப்பாக்களும் மகள்களும் சொல்லட்டும்.