உப்புக்குத் தப்ப வேண்டிய ரீல்: சென்னையிலும் திருகோணமலையிலும்

கடலில் தூண்டில் போடுவதற்கு ராடும் ரீலும் வாங்க வருகிற புதியவர், எந்த மீனைப் பிடிக்கப் போகிறார் என்பதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்குவார். பாரை, கொடுவா, சீலா என்று ஆசை நீளும். என்னிடம் ஆலோசனை கேட்டு வருகிறவர்களிடம் நான் கேட்பது வேறு. எங்கே நின்று வீசப் போகிறீர்கள்? திரும்பி வந்ததும் கழுவ எந்தத் தண்ணீர் இருக்கிறது? தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் ஒரே பாரையைத் துரத்துகிறவர்கள் கையில் வெவ்வேறு கருவிகள் இருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் இந்த இரண்டு கேள்விகளுக்குள் அடங்கிவிடுகிறது.

சென்னையில் பொழுதுபோக்குக்காகத் தூண்டில் போடுகிறவர்களுக்கு மேடை போட்டுக் கொடுத்தவை, கடல் அரிப்பைத் தடுக்க அரசு கட்டிய தூண்டில் வளைவுகள். வடசென்னையில் எண்ணூர் விரைவுச் சாலையை ஒட்டி அவை வரிசையாகக் கடலுக்குள் நீள்கின்றன. அங்கே தரை மெல்லத்தான் சரிகிறது. மீன் மேயும் இடம் கல்லுக்கு அப்பால் தள்ளி இருக்கும். ஆகவே தூரமாக வீசியாக வேண்டும். 10 அடி ராடு, 5000 அளவு ரீல், பி.ஈ. 2 அல்லது 3 தடிமனுள்ள பிரெய்டு (பின்னல் நூல்), 40 முதல் 60 கிராம் வரை எடையுள்ள லூர் (செயற்கை இரை) என்றால் அந்த இடத்துக்குப் பொருந்தும். ராடின் நீளம் தூரத்துக்காக மட்டுமல்ல. சிக்கிய மீன் கடைசி நொடியில் கற்களின் அடிக்குள் பாயும்போது, குட்டை ராடாக இருந்தால் நூல் கல் விளிம்பில் தேய்ந்து அறுந்துவிடும். நீண்ட ராடு நூலைக் கல்லிலிருந்து விலக்கிப் பிடிக்கிறது.

திருகோணமலையில் கொட்டியாரக் குடாவிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு தொடங்கிவிடுகிறது. படகு அதிக தூரம் ஓடாமலே ஆழம் கிடைப்பதால் அங்கே வீசுவதைவிட இறக்குவதுதான் வேலை. 200 கிராம் ஜிக் எனும் உலோக இரையை நேராக அடிமட்டம் வரை விட்டு, வெட்டி வெட்டி மேலே இழுக்க வேண்டும். சின்ன ஃபைபர் படகில் நின்றபடி அதை மணிக்கணக்கில் செய்ய 6 அடிக்குக் குறைந்த ராடுதான் தோதானது. சென்னையின் 10 அடி ராடை அங்கே கொண்டுபோனால் தோள்பட்டை முதலில் தோற்கும். பாறைத் திட்டுகளைச் சுற்றிப் பெரும்பாரைக்குப் பாப்பர் எனும் மிதக்கும் இரையை வீசுவது தனி ஆட்டம். அதற்கு 8 அடி ராடு, பி.ஈ. 8 நூல், 14000 அல்லது அதற்கு மேற்பட்ட ரீல் வேண்டும். இந்தியாவில் இதற்கு இணையான இடம் சென்னையில் இல்லை. ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் அந்தமானில் இருக்கிறது. அந்தமானுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம் என்றால், திருகோணமலைக்கு அது முடிகிற நேரத்தில்தான் தொடங்கி செப்டம்பர் வரை போகிறது.

பாக்கு நீரிணையைப் பற்றி ஒப்பிட ஒன்றுமில்லை. மண்டபம் பக்கமும் மன்னார் பக்கமும் ஆழமில்லாத ஒரே கடல். 7 அடி ராடும் 3000 அல்லது 4000 ரீலும் இரு கரைக்கும் போதும்.

ராடு எதனால் செய்யப்பட்டது என்பதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு. கார்பன் ராடு லேசானது, மீன் மூச்சு விட்டாலும் கைக்குத் தெரியும். ஆனால் படகு விளிம்பில் ஒருமுறை பலமாக இடிபட்டால் வெளியே தெரியாத விரிசல் விழுந்து, வேறொரு நாளில் மீன் இழுக்கும்போது முறியும். வலை, நங்கூரக் கயிறு, பெட்ரோல் கேன் எல்லாம் ஒன்றாகக் கிடக்கிற மீன்பிடிப் படகில் போகிறவர் ஃபைபர் கிளாஸ் ராடு எடுப்பதே நல்லது. இலங்கையில் வாடகைக்குப் போகும் படகுகளில் பல பகலில் விளையாட்டுக்கும் மற்ற நேரத்தில் தொழிலுக்கும் ஓடுபவை. அதனால் அங்கே கிளாஸ் ராடுக்கு இருக்கிற மரியாதை புரிகிறது. தூண்டில் வளைவில் நிற்கும் சென்னைக்காரர் கார்பன் எடுக்கலாம், இடிப்பதற்கு அவர் கையைத் தவிர வேறு ஆளில்லை.

ரீல் விஷயத்தில் கடல் மட்டும் தீர்மானிப்பதில்லை. இந்தியாவில் ஷிமானோ, டைவா, பென் ரீல்களை வீட்டிலிருந்தே வரவழைக்கலாம். ஒன்று பழுதானால் அடுத்ததைப் பார்ப்பது சுலபமாகிவிட்டது. இலங்கையில் 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாயாக இருந்த மதிப்பு, மே மாதத்துக்குள் 360 ரூபாய் வரை சரிந்தது. வெளிநாட்டுப் பொருள் எதுவானாலும் விலை எட்டாத உயரத்துக்குப் போனது. அந்தக் காலத்தில் ரீலைப் பிரித்துச் சேர்க்கக் கற்றுக்கொண்டவர்கள் அந்தத் திறமையை இன்னும் விடவில்லை. செத்துப்போன ரீலை அங்கே யாரும் தூக்கி எறிவதில்லை. பேரிங்கின் உள்விட்டம், வெளிவிட்டம், தடிமன் மூன்றும் ஒத்துப்போனால் வேறு கம்பெனி ரீலிலிருந்தும் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். நம் பக்கத்தில் இந்தப் பழக்கம் குறைவு என்பதில் எனக்கு வருத்தம்தான். தண்ணீர் புகாதபடி ரப்பர் வளையங்களால் அடைத்த ரீல்களை இங்கே விரும்பி வாங்குகிறோம். அவை நல்லவையே. ஆனால் அடைப்பு ஒருநாள் தேயும். உள்ளே புகுந்த உப்பு அதே அடைப்பால் வெளியேற முடியாமல் தங்கும். திறந்து பார்க்கத் தயங்குகிறவர் எளிய அமைப்புள்ள ரீலை வாங்குவதே மேல்.

இனி தண்ணீர். யாழ்ப்பாணத்தின் காரைநகர்ப் பக்கம் ஒரு வீட்டு முற்றத்தில் என் ரீலைக் கழுவக் கிணற்றில் வாளியை விடப் போனபோது, அங்கிருந்த பெரியவர் தடுத்தார்: "தம்பி, உந்தத் தண்ணியிலை கழுவாதேங்கோ. உதுவும் உவர்தான்." உள்ளே போய், குடிப்பதற்கு வைத்திருந்ததிலிருந்து ஒரு செம்பு எடுத்து வந்து கொடுத்தார். யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணக்கல்லுக்குள் தேங்கும் மழைநீரை நம்பியே இருக்கிறது. கரையோரக் கிணறுகளில் கடல் ஏறிவிடுகிறது. சென்னையின் கடற்கரைப் பகுதிகளிலும் போர்த் தண்ணீர் பல இடங்களில் இதே கதைதான். ஆனால் இங்கே குழாயைத் திறந்து நிம்மதியாகக் கழுவிவிட்டு, ஆறு மாதத்தில் ரீல் ஏன் கரகரக்கிறது என்று கம்பெனியைத் திட்டுகிறோம். மெட்ரோ தண்ணீரோ பிடித்து வைத்த மழைத் தண்ணீரோ ஒரு சொம்பு போதும்.

கழுவும் முறை இரு நாட்டுக்கும் ஒன்றுதான். முதலில், நூல் ஓடும் இறுக்கத்தை மாற்றும் டிராக் குமிழை முழுவதும் இறுக்க வேண்டும், தண்ணீர் வாஷர்களுக்குள் போகாமல் இருக்க. பூவாளியில் விழுவது போல மெல்லத் தண்ணீர் விட வேண்டும். பைக் கழுவும் பீச்சுக் குழாயைக் காட்டினால் வெளியே இருக்கும் உப்பு உள்ளே தள்ளப்படும். நிழலில் காய்ந்ததும் குமிழைத் தளர்த்தி வைக்க வேண்டும். இறுக்கியபடியே மாதக்கணக்கில் கிடந்தால் வாஷர்கள் அமுங்கி, அடுத்த மீன் ஓடும்போது டிராக் திக்கித் திக்கிப் போகும். துரு விலக்கும் ஸ்பிரேயை உள்ளே அடிக்கிற வழக்கத்தை விட்டுவிடுங்கள், அது கிரீஸைக் கரைத்துவிடும். முதலில் இறுகிப்போவது பெயில் கம்பியின் ஓரத்தில் நூல் திரும்புகிற சிறிய உருளைதான். நூலை அதன்மேல் வைத்து இழுங்கள். உருளை சுழலாமல் நூல் மட்டும் வழுக்கிப் போனால் அதற்கு ஒரு சொட்டு எண்ணெய் வேண்டும், அல்லது புதிய பேரிங் வேண்டும். ராடில் ரீல் உட்காரும் இடத்தை, ரீலைக் கழற்றாமல் கழுவினால் பலனில்லை. அங்குள்ள திருகு மரைகளுக்குள்தான் உப்பு உறைந்து, பிறகு கையால் திருக முடியாமல் செய்கிறது.

பருவக்காற்று மாறும்போது வித்தியாசம் திரும்பவும் தெரிகிறது. வடகிழக்குப் பருவமழை வந்ததும் திருகோணமலைக்காரரின் கருவிகள் நீர்கொழும்புக்கோ தெற்கே மிரிசைக்கோ போகின்றன. அந்தக் கரையில் கடல் அமைதியாகும் காலம் அது. ஓய்வில்லாததால் கருவி தேய்கிறது, ஆனால் தினமும் கண்ணில் படுவதால் பழுது சீக்கிரம் தெரிந்துவிடுகிறது. சென்னையில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை ராடு பரணில் ஏறுகிறது. ஈரக்காற்று நிறைந்த அந்த மூன்று மாதத்தில்தான் ராடில் நூல் செல்லும் வளையங்களின் காலில் துரு பிடிக்கிறது. ஏற்றுவதற்கு முன் ஒவ்வொரு வளையத்துக்குள்ளும் சிறிது பஞ்சைச் சுற்றித் தேயுங்கள். கண்ணுக்குத் தெரியாத வெடிப்பு இருந்தால் பஞ்சு இழை அதில் மாட்டி நிற்கும். அப்படி மாட்டுகிற வளையத்தை உடனே மாற்றிவிடுங்கள், இல்லாவிட்டால் ஜனவரியில் போடும் புது பிரெய்டை அதுவே அரைத்துவிடும்.