பூச்சாண்டியும் பொன் தொட்டிலும்

பேசத் தெரியாத நாளிலேயே குழந்தை இலக்கியம் கேட்கத் தொடங்கிவிடுகிறது. ஏடு அறியாது, எழுத்து அறியாது. ஆனால் தாயின் நாவில் பிறக்கும் பாட்டை அறியும். தால் என்றால் நாக்கு. நாவை ஆட்டி எழுப்பும் ஓசையே தாலாட்டு ஆயிற்று என்பர். தமிழ்க் குழந்தை கேட்கும் முதற் கவிதை அது. பரணியையும் உலாவையும் கோவையையும் தராசில் இட்டு நிறுத்துப் பார்க்கும் திறனாய்வாளர்கள், இந்த முதற் கவிதையை மட்டும் 'தாய்மையின் தேன்' என்று ஒரே சொல்லில் புகழ்ந்துவிட்டு நகர்ந்துவிடுகின்றனர். புகழட்டும், நாம் தடுக்கவில்லை. ஆனால் தேன் என்று சொல்லிப் பிஞ்சு வாயில் ஊட்டுவதில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது குற்றமாகுமா?

தாலாட்டு ஏட்டில் ஏறிய கதையைத் தேடுவோர் திருவில்லிபுத்தூருக்குச் செல்ல வேண்டும். 1910 முதல் 1985 வரை இராமநாதபுரம் மாவட்டத்துக்குள் இருந்த ஊர் அது. அங்கு வாழ்ந்த பெரியாழ்வார் தம்மை யசோதையாக்கிக்கொண்டு, கண்ணனைத் தொட்டிலில் இட்டுப் பாடினார். ஆடவர் ஒருவர் தாயின் குரலைத் தம் குரலாக ஏற்றார்; தொட்டிலடியில் கிடந்த பாட்டைப் புலவர் அவைக்குக் கொண்டுவந்தார். பிற்காலப் பிள்ளைத்தமிழில் தாலப் பருவம் மூன்றாம் பருவமாக நிலைபெறுவதற்கு அவர் வகுத்த வழி துணை நின்றது. அந்தப் பெருமையில் அணுவளவும் குறைக்க நாம் வரவில்லை.

ஆயினும், பாட்டின் உள்ளே நுழைந்து பாருங்கள்! பொன் தொட்டில் வருகிறது, அனுப்பியவன் பிரமன். இடைக்கு அணி வருகிறது, அனுப்பியவன் ஈசன். காலுக்குக் கிண்கிணி வருகிறது; கொண்டுவந்தவன் இந்திரன். முத்தாரமும் பவளமும் வருகின்றன, அனுப்பியவன் வருணன்.

வருணனா அனுப்பினான்? மன்னார் வளைகுடாவில் மூச்சை அடக்கி, கயிற்றில் கட்டிய கல்லின் கனத்தோடு கடலடிக்கு இறங்கி, சிப்பிகளை அள்ளி வந்தவர்கள் முத்துக் குளிப்போர். மூழ்கியவன் ஒருவன், வழங்கியவன் என்று பெயர் பெற்றவன் வேறொருவன்! மூழ்கியவன் வீட்டிலும் அன்றிரவு ஒரு குழந்தை அழுதிருக்கும். அதன் கழுத்துக்கு முத்து இல்லை. அதன் தந்தைக்குப் பாட்டில் இடமும் இல்லை. கவிதையின் அழகு மெய். அந்த அழகுக்குள் உழைப்பு மறைக்கப்பட்டதும் மெய்.

ஏட்டை மூடிவிட்டுக் குடிசைக்கு வருவோம். நா. வானமாமலை தொகுத்த 'தமிழர் நாட்டுப் பாடல்கள்' (1964) போன்ற நூல்களால் ஏழைத் தாயின் தாலாட்டு அச்சுக்கு வந்தது. அங்கே தேவர்கள் பரிசு அனுப்பாமல், மாமன் அனுப்புகிறான். யார் அடித்து அழுதாய் என்று உறவினர் பெயரையெல்லாம் சொல்லித் தாய் கேட்கிறாள். கேட்பது குழந்தையை, சொல்வது தன் துயரத்தை. இந்த நேர்மை பெரும்புலவர் பலரிடமும் காணக் கிடைக்காதது.

ஆனால் குடிசைப் பாட்டிலும் களை உண்டு. தவமிருந்து பெற்ற ஆண்மகவே, தீர்த்தமாடிப் பெற்ற செல்வமே என்ற பல்லவி உண்டு. பிள்ளை வரம் வேண்டி இராமேசுவரத்துக் கடலில் மூழ்கி எழுவோர் இன்றும் இருக்கின்றனர். அப்படியானால் தவமின்றிப் பிறந்த பெண் எதற்குப் பிறந்தாள்? தொட்டிலில் கிடக்கும் அவள் காதிலும் அந்தப் பாட்டுத்தானே விழுகிறது!

பாட்டு முடிந்தும் கண் மூடாத குழந்தைக்கு அடுத்து வருபவன் பூச்சாண்டி. "கண்ணை மூடு, பிடித்துக்கொண்டு போய்விடுவான்" என்கிறார்கள். குழந்தை அடங்குகிறது. அது உறக்கமா? அன்று, நடுக்கம். அச்சம் உடலை ஓடவும் ஒளியவும் ஆயத்தப்படுத்துவது. அதாவது விழிக்கச் செய்வது. இரண்டு வயதையொட்டிக் கற்பனை வளர்கிறது. கற்பனை எது, உண்மை எது என்று பிரித்தறியும் ஆற்றல் அப்போது வளர்ந்திருக்காது. அந்த வேளையில் இருட்டுக்குள் ஒருவனை நிறுத்திவைத்தால், வளர்ந்த பின்னும் அவன் வெளியேற மாட்டான்; பெயரை மட்டும் பேய் என்றும் முனி என்றும் மாற்றிக்கொள்வான். மூடநம்பிக்கையின் அரிச்சுவடி பள்ளியில் தொடங்குவதில்லை, பாயிலேயே தொடங்குகிறது!

பூச்சாண்டியை அழைக்கும் தாயைக் கூண்டில் ஏற்றுவது எளிது. பாம்பன் பக்கத்துச் சின்னப்பாலத்தில் கடற்பாசி எடுக்கும் மகளிரை நினைத்துப் பாருங்கள். விரலில் துணி சுற்றிக்கொண்டு, பாறையில் ஒட்டிய பாசியை மூழ்கிப் பறிப்பவர்கள் அவர்கள். 21 தீவுகளைக் கொண்ட கடல் தேசியப் பூங்கா 1986-இல் அமைந்த பிறகு, அவர்கள் தொழிலுக்குத் தடைகளும் சேர்ந்தன. உப்புநீரில் ஊறி வந்த உடம்போடு உலையும் வைத்து, தொட்டிலும் ஆட்ட வேண்டும் என்றால், பொறுமைக்கு எங்கே போவாள்? களைப்புத்தான் பூச்சாண்டியைக் கூவி அழைக்கிறது. குற்றம் அவளுடையது அன்று. தொட்டில் கயிறு பெண் கைக்கே உரியது என்று விதித்த வீட்டுச் சட்டத்தினுடையது.

பாட்டின் பொருளை மாற்றிக் காட்டியவர் பாரதிதாசன். 1938-இல் வந்த அவர் கவிதைத் தொகுதியில் ஆண் குழந்தைக்கும் தாலாட்டு உண்டு, பெண் குழந்தைக்கும் உண்டு. பெண் குழந்தையைச் சாதி இருள் போக்கும் விளக்காகவே காண்கிறார் அவர். தவத்துக்குக் கூலியாக அவளைக் காணவில்லை; வருங்காலத்தின் தலைவியாகக் கண்டார். அதிலும் ஒரு குறை சொல்லலாம்: சில இடங்களில் தொட்டிலடிக் குரல் தேய்ந்து, மேடைக் குரல் ஓங்குகிறது. அவர் திறந்த வழியில், மீனவப் பெண்ணின் நாவுக்கு இசைந்த எளிய சொற்களோடு இன்னும் பல பாட்டுகள் வர வேண்டும்.

இன்று தாலாட்டைக் கைபேசியிடம் ஒப்படைத்துவிட்டனர் பலர். உலகச் சுகாதார நிறுவனம் 2019-இல் வகுத்த நெறிப்படி, ஒன்று முதல் இரண்டு வயதுக் குழந்தைக்குப் பகல் தூக்கமும் சேர்த்து நாளொன்றுக்கு 11 முதல் 14 மணி நேர உறக்கம் வேண்டும். ஒரு வயதில் திரையே கூடாது. இரண்டு வயதுக்கு மேல் ஒரு மணி நேரத்துக்கு மிகாமல், குறைந்தால் இன்னும் நல்லது என்கிறது அந்நெறி. உறக்கத்துக்கு வேண்டியவை மிக எளியவை: நாள்தோறும் ஒரே நேரம்; உடல் துடைத்தல், உணவு, ஒரு சிறு கதை, மங்கிய விளக்கு, பழகிய குரல், இந்த வரிசை மாறாமை. பிரமனின் பொன் தொட்டில் தேவையில்லை. பழஞ்சேலைத் தூளி போதும்.

ஆகவே தோழர்களே, தாலாட்டை ஒழிக்கச் சொல்லவில்லை நாம். இசை இருக்கட்டும், களை போகட்டும். வருணன் தந்த முத்து என்ற இடத்தில் மூழ்கி எடுத்த மனிதனைப் பாடுங்கள். இருட்டில் எவனும் இல்லை என்று விளக்கைத் தூக்கிக் காட்டுங்கள். பாட்டெழுதும் இளைஞர்களே, பெற்ற மகளுக்குப் பத்து வரி எழுதுங்கள். எழுதியதோடு நில்லாது, தொட்டில் கயிற்றையும் கையில் பிடியுங்கள். பெரியாழ்வார் பாட்டில் தாயானார். பகுத்தறிவு பேசும் தந்தை வீட்டில் தாயாகக் கூடாதா?