கொயோட்டிக்கு எந்தத் தோட்டா?

நரியை ஒத்த கொயோட்டியின் வேட்டைக்கு எந்தக் காலிபர் (குழல் அளவு) என்று அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில் யாரைக் கேட்டாலும், பாதிப் பேர் யோசிக்காமல் .22-250 ரெமிங்டன் என்பார்கள். அரை நூற்றாண்டாக நிலைத்துவிட்ட பதில் அது. அதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்து உரசிப் பார்த்தால், கணிசமானவை கொயோட்டிக்கே உரியவை அல்ல என்பது தெரியவரும். சில, பிரெய்ரி நாய் எனப்படும் வளை அணில்களை நாள் முழுக்கச் சுட்டுத் தள்ளுபவர்களிடமிருந்து வந்தவை. சில, ரோமத் தோல் விலை ஏறிக் கிடந்த காலத்தில் பிறந்தவை. இந்திய வாசகருக்கு இது பெரும்பாலும் ஏட்டறிவுதான். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி இன்று இங்கே நரியைச் சுடுவது குற்றம். ஆனாலும் ஒரு தேர்வை எந்த அளவுகோலால் எடைபோடுவது என்பதற்கு இதைவிடச் சுவையான வழக்கு கிடைப்பது அரிது.

முதலில் விலங்கு. மேற்குச் சமவெளியில் வளர்ந்த கொயோட்டி பெரும்பாலும் 10 முதல் 15 கிலோ. நம் நரியைவிடச் சற்றுப் பெரிது. ஓநாய் இரத்தம் கலந்த வடகிழக்குப் பகுதிக் கொயோட்டிகள் 20 கிலோவை எட்டுவதும் உண்டு. குளிர்காலத்தில் பார்த்தால் இன்னும் பருமனாகத் தோன்றும், ஆனால் கண்ணுக்குத் தெரியும் விளிம்பில் நல்ல பங்கு வெறும் ரோமம். இதயமும் நுரையீரலும் அடங்கிய பகுதி ஏறத்தாழ 4 அல்லது 5 அங்குல வட்டம், அவ்வளவுதான். அடிபட்ட முயலின் அலறலைக் கருவியில் ஒலிக்கவிட்டு வேட்டைக்காரர் புதருக்குள் உட்கார்ந்திருப்பார். கொயோட்டி நேராக ஓடி வராது. காற்று எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமாகச் சுற்றி வந்து மோப்பம் பிடிக்கப் பார்க்கும். வேட்டைக்காரர் வாயாலேயே ஒரு குரைப்பொலி எழுப்பினால் ஓரிரு விநாடி நின்று தலையைத் திருப்பும். சுட வேண்டிய நேரம் அதுதான். தூரம் பெரும்பாலும் 200 கஜத்துக்குள். வயோமிங், மொன்டானா போன்ற திறந்த வெளிகளில் 300 வரை போகலாம். சனவரி, பிப்ரவரி இணைசேரும் பருவமாதலால் ஒன்றின் பின்னால் இன்னொன்று வருவதும் சகஜம்.

ஆக, சிறிய இலக்கு, நடுத்தரத் தூரம், ஓயாத காற்று, சில நேரம் இரண்டாவது குண்டுக்கும் வேலை. தோட்டாவை இவற்றை வைத்துத்தான் நிறுக்க வேண்டும்.

விளிம்பில் அடிபட்டு வெடிக்கும் சிறிய ரிம்ஃபயர் தோட்டாக்களை உடனே கழித்துவிடலாம். 2002இல் வந்த .17 எச்எம்ஆர் 17 கிரெய்ன் (குண்டின் எடை அலகு) குண்டை விநாடிக்கு 2,550 அடி வேகத்தில் அனுப்புகிறது. குழல்வாயில் அதன் ஆற்றல் சுமார் 245 அடி-பவுண்டு. 100 கஜத்தில் 140க்கும் கீழே போய்விடும். 50 கஜத்தில் கொயோட்டியை அது கொன்றிருக்கிறது என்பது உண்மை. குண்டு ஓர் அங்குலம் தள்ளிப் பட்டாலும் விலங்கு காயத்தோடு ஓடிப்போய் எங்கோ கிடந்து சாகும் என்பதும் உண்மை. பிழைக்கு இடம் தராத தோட்டாவை உயிருள்ள ஒன்றின்மீது சுடக் கூடாது.

.204 ரூகரைப் பற்றி அப்படி ஒரே வரியில் முடிக்க முடியாது. 2004இல் ஹார்னடியும் ரூகரும் சேர்ந்து கொண்டுவந்தது. 32 கிரெய்ன் குண்டுக்கு விநாடிக்கு 4,225 அடி. அதன் ரசிகர்கள் இந்த வேகத்தைத்தான் தலைமேல் வைத்துக் கொண்டாடுகிறார்கள். எனக்குப் பட்ட அதன் உண்மையான சிறப்பு வேறு: உதைப்பு மிகக் குறைவு என்பதால் குண்டு படுவதை ஸ்கோப்பிலேயே பார்க்க முடிகிறது. பட்டதா, தவறியதா, இன்னொரு குண்டு வேண்டுமா என்பது அந்தக் கணமே தெரிந்துவிடும். தோலில் பெரிய ஓட்டையும் விழாது. குறை என்னவென்றால், இந்த இலேசான குண்டு நேராகத் தோள் எலும்பில் பட்டால் மேலேயே சிதறி, உள்ளே போகாமல் நின்றுவிடும் ஆபத்து இருக்கிறது. 40 கிரெய்ன் குண்டு போட்டால் அந்த ஆபத்து குறையும். கூடவே பெருமையடித்துக்கொண்ட வேகமும் குறையும்.

அந்த வேகத்தால் காற்றில் என்ன லாபம்? மணிக்கு 10 மைல் வேகத்தில் பக்கவாட்டில் காற்று வீசுகிறது, இலக்கு 300 கஜத்தில் இருக்கிறது என்று வைத்துக் கணக்குப் போட்டால், .223 ரெமிங்டனின் வழக்கமான 55 கிரெய்ன் குண்டு ஏறத்தாழ 11 அங்குலம் விலகுகிறது. .204இன் 32 கிரெய்ன் குண்டு 10 அங்குலம் விலகுகிறது. விநாடிக்கு 1,000 அடி கூடுதல் வேகத்துக்குக் கிடைத்த கூலி ஓர் அங்குலம். இலேசான குண்டு சீறிக்கொண்டு கிளம்பினாலும் காற்றின் தடையில் சீக்கிரமே இளைத்துப் போகிறது என்பதுதான் காரணம்.

இப்போது .22-250. இதற்கு நல்ல வரலாறு உண்டு. 1915ஆம் ஆண்டின் .250 சாவேஜ் தோட்டாவின் கழுத்தை ஒடுக்கி, .22 குண்டைச் செருகிப் பல பத்தாண்டுகள் ஆர்வலர்கள் பட்டறையிலேயே செய்துகொண்டது இது. 1963இல் ப்ரௌனிங் இதற்கு ரைஃபிள் விற்கத் தொடங்கியபோது கடையில் வாங்கத் தொழிற்சாலைத் தோட்டாவே கிடையாது. 1965இல்தான் ரெமிங்டன் அதை முறைப்படுத்தித் தன் பெயரைச் சேர்த்தது. 55 கிரெய்ன் குண்டுக்கு 3,680 அடி வேகம், அதே குண்டுக்கு .223 தருவது 3,240.

இந்த 440 அடி வித்தியாசத்தின் மதிப்பு என்ன என்பதுதான் வழக்கின் மையம். ஆற்றலில் பார்த்தால் .223க்கு 200 கஜத்தில் இருக்கும் பலம் .22-250க்கு 300 கஜத்தில் இருக்கிறது. இரண்டும் 760, 770 அடி-பவுண்டு அளவு. அதாவது 100 கஜம் கூடுதல் கை நீட்டம். சின்ன விஷயமல்ல. 200 கஜத்துக்குக் குறி சரிசெய்த ரைஃபிளில் 300 கஜத்தில் குண்டு தாழ்வதும் ஏறத்தாழ 2 அங்குலம் குறைவு. ஆனால் காற்று விலக்கம் 11லிருந்து 9 அங்குலத்துக்குத்தான் இறங்குகிறது. 5 அங்குல வட்டத்தை நோக்கிச் சுடுபவருக்கு 11ஐயும் கணித்தே ஆக வேண்டும், 9ஐயும் கணித்தே ஆக வேண்டும்.

இன்னொரு கோணம் உண்டு; .22-250 பக்தர்கள் இதைக் கண்டுகொள்வதே இல்லை. குழலின் உள்ளே சுருளாக ஓடும் வரிகள்தான் குண்டைச் சுழலவைத்து நேராகப் போகச் செய்கின்றன. .22-250 ரைஃபிள்களில் அந்த வரி மரபாக 14 அங்குலத்துக்கு ஒரு சுற்று. நீளமான, கனத்த குண்டுகளை அது சரியாக நிலைப்படுத்தாது. 55 கிரெய்னைத் தாண்டிச் சற்றுத் தூரம் போனதுமே குண்டு தள்ளாடத் தொடங்கிவிடும். இன்றைய .223 ரைஃபிள்களிலோ 8 அங்குலத்துக்கு ஒரு சுற்று எளிதாகக் கிடைக்கிறது. அதில் 73 கிரெய்ன் நீளக் குண்டைப் போட்டு, வெறும் 2,790 அடி வேகத்தில் சுட்டால் அதே காற்றில் அதே தூரத்தில் விலக்கம் சுமார் 8 அங்குலம். ஏறத்தாழ 900 அடி மெதுவான குண்டு .22-250ஐக் காற்றில் தோற்கடிக்கிறது.

சுருள்வரியை அலட்சியம் செய்தால் என்ன ஆகும் என்பதற்குத் துப்பாக்கி வணிகத்திலேயே ஒரு பழைய பாடம் இருக்கிறது. 1955இல் வின்செஸ்டர் .243ஐயும் ரெமிங்டன் .244ஐயும் ஒரே நேரத்தில் இறக்கின. இரண்டும் 6 மில்லிமீட்டர் தோட்டாதான். வின்செஸ்டர் 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று வைத்து, 100 கிரெய்ன் குண்டும் போகும், மானும் சுடலாம் என்றது. ரெமிங்டன் சிறு விலங்குகளை மட்டும் மனத்தில் வைத்து 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று போதும் என்று முடிவெடுத்தது. வாங்குவோர் வின்செஸ்டர் பக்கம் சாய்ந்தார்கள். 1963இல் ரெமிங்டன் அதே தோட்டாவுக்கு 6எம்எம் ரெமிங்டன் என்று புதுப் பெயர் சூட்டி, வேகமான சுற்றுள்ள குழலோடு மறுபடி கொண்டுவந்தும் இழந்த இடத்தைப் பிடிக்க முடியவில்லை.

எதிர்த்தரப்புக்கும் வலுவான ஒரு வாதம் உண்டு. மெதுவான குண்டு அதிகம் தாழும்; 300 கஜத்தில் அது .22-250ஐவிடச் சில அங்குலம் கீழே போகிறது. ஓரிரு விநாடியே நிற்கும் விலங்கின் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு எங்கே குறிவைப்பது? தட்டையாகப் பாயும் தோட்டா அங்கே கைகொடுக்கும். இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னால் இந்த வாதத்துக்கு நான் தலைவணங்கியிருப்பேன். இன்று லேசர் தூரமானி சல்லிசாகக் கிடைக்கிறது. உட்கார்ந்த இடத்திலிருந்து எதிரே உள்ள பாறை எவ்வளவு, வேலிக்கம்பம் எவ்வளவு என்று விலங்கு வருமுன்பே அளந்து வைத்துக்கொள்ளலாம். காற்றை அப்படி முன்கூட்டி அளந்து வைக்க முடியாது. அளக்க முடியாத தொல்லையைக் குறைக்கும் தோட்டாவுக்கே என் ஓட்டு.

கனத்த குண்டுகளில் சில காகித இலக்குக்காக வடிவமைக்கப்பட்டவை என்பதை மட்டும் கவனிக்க வேண்டும். அவை விலங்கின் உடலில் ஒரே மாதிரி விரியும் என்ற உறுதி இல்லை. வேட்டைக்கென்று செய்த குண்டைத்தான் வாங்க வேண்டும். மலிவாகக் கிடைக்கும் ராணுவ வகை முழு உறைக் குண்டைத் தொடவே கூடாது. அது விரியாமல் ஊசிபோல் துளைத்துப் போய், விலங்கைக் கொல்லாமல் வதைக்கும், பாறையில் பட்டுத் தெறிக்கவும் செய்யும். இன்னொரு எச்சரிக்கை உயிர் பற்றியது: .223 என்று முத்திரையிட்ட ரைஃபிளில் 5.56 ராணுவத் தோட்டாவைச் சுடக் கூடாது. பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான், உள்ளே எழும் அழுத்தம் ஒன்றல்ல.

தோல் விவகாரத்துக்கு வருவோம். வேகமான தோட்டா தோலைக் கிழித்துவிடும், ஆகவே சின்னக் காலிபரே சிறந்தது என்ற வாதம் நெடுங்காலமாகப் புழங்குகிறது. விலையுயர்ந்த பனிக்கோட்டுகளின் தலைமூடி விளிம்புக்குக் கொயோட்டி ரோமம் தேவைப்பட்டவரை அதற்குப் பொருள் இருந்தது. அந்தச் சந்தையின் பெரும்புள்ளியான கனடா கூஸ் நிறுவனம் ரோமத்தைக் கைவிடுவதாக 2021இல் அறிவித்தது. விலை விழுந்த பிறகும் பலர் பழைய வாதத்தையே பாடிக்கொண்டிருக்கிறார்கள். தோலை விற்காதவருக்கு ஓட்டையின் அளவு ஒரு பிரச்சினையே அல்ல. (ஆட்டுக்குட்டிகளைக் காக்கவென்று அமெரிக்க வேளாண் துறையின் ஆட்களே ஆண்டுக்கு ஏறத்தாழ 60,000 கொயோட்டிகளைக் கொல்கிறார்கள். அப்படியும் அந்த விலங்கு கண்டம் முழுக்கப் பரவியிருக்கிறது. சுடுவதால் எண்ணிக்கை குறைகிறதா என்பது தனி விசாரணை.)

தோல் கணக்கு நீங்கியதும் .243க்கு மறுவாழ்வு கிடைக்கிறது. 87 கிரெய்ன் குண்டு 300 கஜத்தில் விலகுவது 6 அல்லது 7 அங்குலம்தான். இங்கே பேசப்பட்ட எல்லாவற்றிலும் குறைவு. சட்டமும் அதன் பக்கம் நிற்கும் இடங்கள் உண்டு. கொலராடோவில் மான் போன்ற பெரு விலங்குகளுக்கு .24 காலிபருக்குக் குறைந்த ரைஃபிள் ஆகாது. ஆகவே ஒரே ஒரு ரைஃபிள்தான் வாங்க முடியும் என்பவருக்கு .243 நியாயமான தேர்வு. உதைப்புதான் இடிக்கிறது. சுட்ட கணத்தில் ஸ்கோப்பிலிருந்து விலங்கு காணாமல் போகும். ஜோடியின் இரண்டாவது எந்தப் பக்கம் ஓடியது என்று தேட வேண்டியிருக்கும். தோட்டா விலையும் கூடுதல் என்பதால் பயிற்சி குறையும்.

ரைஃபிள் பற்றி நீட்டி முழக்கத் தேவையில்லை. கனத்த குழலோடு 10 பவுண்டுக்கு மேல் எடையுள்ள 'வார்மின்ட்' (தொல்லை விலங்கு) ரைஃபிள்கள், வளை அணில்களை மணிக்கணக்கில் சுடும்போது குழல் சூடேறாமல் இருக்கச் செய்யப்பட்டவை. கொயோட்டிக்காரர் ஓரிடத்தில் சுடுவது ஒன்று, மிஞ்சினால் மூன்று. பிறகு துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு அடுத்த மேட்டுக்கு நடக்கிறார். ஸ்கோப்போடு 8 பவுண்டு போதும். .22-250 குழலைச் சீக்கிரம் தேய்த்துவிடும் என்ற குற்றச்சாட்டும் இதே காரணத்தால் இங்கே செல்லாது. ஏஆர்-15 வகை அரைத் தானியங்கி ஜோடியாக வருபவற்றுக்கும், வெப்ப ஸ்கோப்போடு இரவில் செல்பவர்களுக்கும் பொருத்தம். மற்றவர்களுக்கு, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன். 2003இல் சாவேஜ் கொண்டுவந்த, விசையிழுப்பை உடைமையாளரே சரிசெய்துகொள்ளும் அக்யுட்ரிகரும், 2012இல் வந்த ரூகர் அமெரிக்கனும் மலிவு ரைஃபிள் துல்லியமாக இராது என்ற பேச்சை முடித்துவைத்துவிட்டன.

என் தீர்ப்பு: 8 அங்குலச் சுற்றுள்ள குழலோடு .223 போல்ட் ஆக்‌ஷன். 250 கஜம்வரை அதற்குமேல் தேவையில்லை. தோட்டா எங்கும் கிடைக்கும். ஆண்டு முழுக்கப் பயிற்சி செய்யப் பணம் மிஞ்சும். கலிஃபோர்னியாவில் இருப்பவருக்கு இது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும். அங்கே 2019 ஜூலை முதல் வேட்டையில் ஈயக் குண்டுக்கே தடை. ஈயத்தைவிடச் செம்பு இலேசு. அதே எடைக்குக் குண்டு நீளும். நீண்ட குண்டுக்கு வேகமான சுற்று வேண்டும். 14 அங்குலச் சுற்றுள்ள பழைய குழல்கள் அங்கேதான் முதலில் திணறும். நீண்ட குண்டும் வேகமான சுற்றும் என்ற இதே வழியில்தான் ஹார்னடி 2024இல் 22 ஏஆர்சி தோட்டாவைக் கொண்டுவந்தது. நல்ல தோட்டா, ஆனால் சிற்றூர்க் கடைகளில் .223 அளவுக்குக் கிடைக்கப் பல ஆண்டுகள் ஆகும்.

வீட்டில் ஏற்கெனவே .22-250 வைத்திருப்பவர் அதை விற்க வேண்டியதில்லை. குழல் தேயும் நாளில் 8 அங்குலச் சுற்றுள்ள புதுக் குழலை மாட்டிக்கொள்ளட்டும். அப்போது மேலே நான் அடுக்கிய ஆட்சேபங்களில் பாதி விழுந்துவிடும். மிஞ்சுவது தோட்டாவின் விலையும் அதன் சத்தமும்தான். 300 கஜத்துக்கு அப்பால் சுட வேண்டிய நிலத்தில் இருப்பவரிடம் அந்த ரைஃபிளுக்கு எதிராக நான் வாதாட மாட்டேன்.